மரம் தறித்தலும் மலிவு விலையும்



களனி கங்கையைக் கடந்து நீர்கொழும்பு வீதி வழியே வடக்கு நோக்கி வருபவர்கள் வத்தளையை ஒரு கடைத்தெருவாகவே அறிவார்கள். வீதியை விட்டு உள்ளே இறங்கினால்தான் ஊரின் மற்றொரு முகம் தெரியும். ஹெந்தளை, மாபோலை முதலிய பக்கங்களில் எட்டுப் பேர்ச், பத்துப் பேர்ச் காணிகளிலே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அவ்வீடுகள் தோன்றுமுன்பே அங்கே நின்ற பலாவும் மாவும் ஈரப்பலாவும் தென்னையும் அவற்றின் நடுவே இன்னும் நிற்கின்றன. ஒரு காலத்தில் பெரிய வளவொன்றின் நடுவில் நின்ற மாமரம், காணி நான்காகவும் எட்டாகவும் பிரிக்கப்பட்ட பின்னர், இன்று ஒருவருடைய மதிலை நெருக்கிக்கொண்டும் மற்றொருவருடைய கூரையைத் தடவிக்கொண்டும் நிற்கின்றது. மரம் இடம்பெயரவில்லை. நாமே அதன் காலடிக்குக் குடிவந்தோம்.

இந்நிலத்தின் இயல்பையும் கவனிக்க வேண்டும். தெற்கே கங்கை, மேற்கே கடல், வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம், ஊடே ஹமில்டன் கால்வாய். பல இடங்களில் சில அடி தோண்டியதும் நீர் ஊறிவிடும். நீர் தங்கிய மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. ஆதலால் அது ஆழச் செல்லாமல் மேற்பரப்பை ஒட்டிப் பக்கமாகப் படர்கின்றது. அப்படிப் படர்ந்த வேரை மதிலின் அத்திவாரத்துக்காக ஒருபுறமும், வடிகானுக்காக மறுபுறமும் அறுத்துவிட்டால், மேலே பசுமையாக நிற்கும் மரத்துக்குக் கீழே பிடிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வந்த பெருமழையின்போது களனி கங்கை பெருகியதையும், அதன் கரையோர ஊர்கள் பட்ட பாட்டையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்தவுடன் வீட்டைக் கழுவியவர்கள், அடுத்தபடியாக அண்ணாந்து பார்த்தது தங்கள் வளவு மரங்களைத்தான்.

அந்த அச்சம் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொள்ளுப்பிட்டியில் பெருமரமொன்று சரிந்து, ஓடிக்கொண்டிருந்த போக்குவரத்துச் சபை பஸ் ஒன்றின்மேல் வீழ்ந்தது. ஐந்து உயிர்கள் போயின. அது தெருவோர மரம். அதைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்பது வேறு விடயம். ஆயினும் ஒரு மரத்தின் பாரம் எத்தகையது என்பதை அன்று நகரம் முழுவதும் கண்ணாற் கண்டது. தத்தம் வீட்டு முற்றத்து மரத்தை அதுவரை நிழலாகக் கண்டவர்கள், அன்று முதல் அதைப் பயத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். பயம் தோன்றுவதில் தவறில்லை. பயந்தவன் அவசரப்படுகிறான் என்பதே சங்கடம்.

அவசரப்படுகிறவனுடைய படலையைத் தட்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பெருங்காற்று வீசி ஓய்ந்த மறுநாள், முச்சக்கர வண்டியில் ஓர் இயந்திர வாளையும் ஒரு சுருள் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு இருவர் வருவார்கள். மரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, “இன்று மாலைக்குள் முடித்துத் தருகிறோம்” என்பார்கள். அவர்கள் சொல்லும் விலை, முறையான ஒப்பந்தகாரர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும். சில வேளைகளில் காசே வேண்டாம், மரத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்பார்கள். இஃது இவ்வூருக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. அமெரிக்க நாட்டிலும் சூறாவளி ஓய்ந்ததும் ஊர் ஊராய்ப் புறப்பட்டுக் கதவு தட்டும் மரம் வெட்டிகள் உண்டென்றும், அவர்களிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு அரசாங்கங்களே அறிவித்தல் விடுப்பதுண்டென்றும் அறிகிறோம்.

ஒரே மரத்துக்கு இருவர் இருவேறு விலை சொல்லும்போது, அதிகம் கேட்பவர் ஏமாற்றுகிறார் என்று எண்ணுவது மனித இயல்பு. இரண்டு விலைகளுக்கும் இடையேயுள்ள வித்தியாசம் எதற்கான பணம் என்று கேட்பவர் சிலரே.

அதை அறிய வேண்டுமாயின், நெருக்கமான வளவொன்றில் மரம் தறிக்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டவெளியில் நிற்கும் மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்கலாம். அங்கேயும் விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் வெட்டி, மறுபக்கத்தில் அதற்குச் சற்று மேலாக அறுத்து, இடையிலே ஒரு பட்டை மரத்தை வெட்டாது விட வேண்டும். கதவுக்குப் பிணைச்சல் எப்படியோ அப்படி அந்தப் பட்டையே மரத்தைக் குறித்த திசையில் இறக்குகின்றது. அதை அறுத்துவிட்டால் மரம் எப்பக்கம் சாயும் என்பது எவர் கையிலும் இல்லை. வீடுகள் சூழ்ந்த இடத்திலோ சாய்ப்பதற்கே இடமில்லை. உச்சியிலிருந்து கிளை கிளையாக, துண்டு துண்டாக இறக்க வேண்டும். ஏறுகிறவர் இடுப்புவாரணிந்து, வெட்டும்போது இரண்டு கயிறுகளால் தம்மைப் பிணைத்திருக்க வேண்டும். ஒன்று தவறுதலாக அறுபட்டாலும் மற்றது தாங்கும். ஒவ்வொரு கிளையையும் வெட்டுமுன் கயிற்றிற் கட்டி, மேலே ஒரு கப்பியில் மாட்டி, கீழே அடிமரத்தைச் சுற்றி இழுவையோடு மெல்ல மெல்லத் தளர்த்தி இறக்க வேண்டும். கீழே நிற்பவர் மேலே இருப்பவரின் சைகையை மட்டுமே பார்த்து நிற்க வேண்டும். தலைக்கவசம், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, வாள் பட்டால் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்தும் நாரிழைகள் வைத்துத் தைத்த காற்சட்டை ஆகியனவும் வேண்டும். மின்கம்பி அருகில் இருப்பின் மின்சார நிறுவனத்துக்கு முன்னரே அறிவித்து இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கம்பியே ஆளைக் கொல்லப் போதுமானது. வீதியோர உயரழுத்தக் கம்பிகளிலோ 11,000 வோல்ட், சில இடங்களில் 33,000 வோல்ட் ஓடுகின்றது. அக்கம்பியைத் தொட வேண்டுமென்பதுமில்லை. மழையில் நனைந்த பச்சைக் கிளை அதை நெருங்கினாலே போதும்.

இத்தனைக்கும் ஆளும் வேண்டும், நாளும் வேண்டும். மலிவு விலைக்காரர் கழித்துவிடுவது இவற்றைத்தான். அவருக்கும் எரிபொருளின் விலை அதே விலை. வாளின் விலையும் அதே விலை. குறைக்கக்கூடியது பாதுகாப்பும் காப்புறுதியுமே.

பச்சை மரத்தின் நிறையை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். 60 சென்ரிமீற்றர் விட்டமும் ஒரு மீற்றர் நீளமுமுள்ள ஒரு துண்டு ஏறத்தாழ 250 கிலோகிராம் இருக்கும். அதாவது கால் தொன். ஐந்து மூடை சீமெந்து. அது 8 மீற்றர் உயரத்திலிருந்து விழுமானால் நிலத்தைத் தொடும்போது மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் வரும். அதன் கீழே இருப்பது அஸ்பெஸ்டஸ் கூரையாயின் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இயந்திர வாளின் சங்கிலி ஒரு நொடியில் 20 மீற்றர் அளவு ஓடுகின்றது. அவ்வாளின் நுனியின் மேற்பகுதி ஏதேனும் கொம்பிலே பட்டுவிட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்திலே எகிறிப் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும். நிலத்தில் நிற்பவராயின் பின்வாங்கலாம். கிளையின்மேல் இரப்பர்ச் செருப்போடு நிற்பவர் எங்கே வாங்குவது? காளிதாசர் தாம் இருந்த கிளையையே வெட்டினாரென்று ஒரு கதை சொல்லிச் சிறுவர்களைச் சிரிக்க வைப்போம். நம் ஒழுங்கைகளில் அக்கதை மாதத்துக்கொரு முறை நடக்கின்றது. சிரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

எங்கள் அயலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், சிக்கனமானவர், எவரையும் ஏமாற்றி அறியாதவர். அவருடைய காணியின் எல்லையில் ஒரு பழைய மாமரம். கூடுதல் விலை கேட்டவரை அனுப்பிவிட்டு, குறைவாகக் கேட்டவருக்கு வேலையைக் கொடுத்தார். காலை பத்து மணிக்குள் இரண்டு கிளைகள் இறங்கின. மூன்றாவது கிளை வெட்டு முடியுமுன் பிளந்து, கயிற்றோடு ஊசலாடி, மதிலை இடித்து, பக்கத்து வீட்டுக் கூரைத் தகடுகள் மூன்றை நொறுக்கி, மின்கம்பியையும் அறுத்துக்கொண்டு விழுந்தது. அந்த அதிர்ச்சியில் மேலே நின்றவர் தூக்கி எறியப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்ற தலைவர், வைத்தியசாலை வாசலோடு தம் கடமை முடிந்ததாகக் கருதினார் போலும். அதன்பின் அவருடைய தொலைபேசி ஒலிக்கவேயில்லை.

அயல்வீட்டார் நல்லவர்கள்தாம். ஆனாலும் மழைக்காலத்தில் கூரையின்றி எவ்வளவு நாள் நல்லவர்களாக இருப்பது? அவர்களுடைய கூரையும், தமது மதிலும், அறுந்த மின்கம்பியும் எழுதுவினைஞரின் செலவாயின. பாதி வெட்டிய மரம் முன்னிலும் ஆபத்தாக நின்றது. அதை இறக்குவதற்கு மூன்றாவது ஒருவர் வந்தார். முதலாமவர் முழு மரத்துக்குக் கேட்டதிலும் அதிகமாக அவர் பாதி மரத்துக்கு வாங்கினார். ஒரு வாரம் கழித்து, விழுந்தவருடைய மனைவி கையில் ஒரு குழந்தையோடு படலையில் வந்து நின்றார். அவர் சண்டைக்கு வரவில்லை. அன்றைய நாட்கூலி கொடுக்கப்பட்டுவிட்டதா என்று கேட்கவே வந்திருந்தார். தலைவர் அதைக்கூட அவரிடம் சேர்க்கவில்லை.

இங்கே சட்டம் என்ன செய்யும் என்று நேயர்கள் கேட்கலாம். நமது நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறையில் இருந்து வருகின்றது. 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தினால் அதன்கீழ்ப் பெறக்கூடிய உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. நல்ல சட்டம். ஆனால் அது தொழில் வழங்குநர் ஒருவரையும், அவருடைய தொழிலையும், அதில் அமர்த்தப்பட்ட வேலையாளையும் கண்முன் கொண்டு எழுதப்பட்டது. பெயர்ப்பலகையோ சம்பளப் பதிவோ இல்லாத ஒருவர், சந்தியில் நின்ற மற்றொருவரை அன்று காலை மட்டும் ஏற்றி வந்தாராயின், யார் யாருக்கு முதலாளி என்பதை நிறுவுவதற்கே வழக்கு வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்தியவர் தலைவர். தலைவரோ கைத்தொலைபேசி இலக்கமொன்று மாத்திரமே.

அயலவருடைய சேதமோ இந்நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தின்பாற்படும். கவனக்குறைவு யாருடையது என்பதே அங்கே கேள்வி. வெட்டியவருடையது என்று வீட்டுக்காரர் சொல்லலாம். அத்தகைய ஒருவரைத் தெரிந்தெடுத்ததில் உமது கவனக்குறைவு இல்லையா என்று எதிர்த்தரப்பினர் கேட்கலாம். சிறு தொகைப் பிணக்குகள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லும். அங்கே அழைப்பதற்கு ஒருவருடைய முகவரி தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, வென்றாலும், உடைமை ஏதுமில்லாத ஒருவர்மீது பெற்ற தீர்ப்பைச் சட்டகத்தில் மாட்டித் தொங்கவிடலாம்; கூரை வேய முடியாது. தெருவில் நின்ற மோட்டார் வண்டிமீது கிளை விழுந்ததாயின், அதற்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டுமே இருக்குமெனில் அவ்வண்டிக்காரருக்கும் தம் காப்புறுதியால் ஒரு சதமும் கிடையாது. நம்முடைய வீட்டுக்கே காப்புறுதி செய்திருப்பவர்களும் பத்திரத்தை எடுத்து வாசிப்பது நன்று. புயலில் தானாக விழுந்த மரத்தையும் நாம் வெட்டும்போது விழுந்த மரத்தையும் காப்புறுதிக்காரர் ஒன்றாகக் கருதுவார் என்று நம்பிவிடலாகாது.

பிரித்தானியாவிலே தொழில் வழங்குநர் ஒவ்வொருவரும் தம் வேலையாட்களுக்காகக் குறைந்தது 50 இலட்சம் பவுணுக்குக் காப்புறுதி செய்திருக்க வேண்டுமென 1969ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகின்றது. சிங்கப்பூரிலும் உடலுழைப்பாளர் அனைவருக்கும் அவ்வாறு காப்புறுதி செய்தாக வேண்டும். அங்கெல்லாம் கேட்க வேண்டியவர் அரசாங்கம். இங்கே வீட்டுக்காரரே கேட்டாலன்றிப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

இனி, “காசு வேண்டாம், மரத்தைத் தாருங்கள்” என்னும் அந்த இனிய பேச்சைப் பற்றி. என் பாடசாலை வளவிலும் அடர்ந்த மரங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பலா. காற்றுக்காலம் வந்தால், இலவசமாக வெட்டித் தருகிறோம் என்று எவராவது காரியாலய வாசலில் வந்து நிற்பார். அரசாங்கக் காணியிலுள்ள மரத்தை அதிபர் தம் விருப்பப்படி கொடுத்துவிட முடியாது. வலயக் கல்வி அலுவலகம், பிரதேச செயலகம், அரச மரக் கூட்டுத்தாபனம் என்று கடிதங்கள் போய் வரவேண்டும். அக்கடிதங்களின் நடையழகைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அவை நடக்கும் வேகத்தைப் பற்றியும் இல்லை. ஆயினும் அவற்றால் ஒரு நன்மை உண்டு. மரத்தைப் பார்க்க வருபவர், அதை விலைபேச வருபவராக இருப்பதில்லை.

மரமே கூலியாகும்போது, வெட்டுகிறவரின் கண் எதிலே இருக்கும்? நீளமான, பிளவில்லாத அடிமரத்திலே. சிறு துண்டுகளாக இறக்குவதே வீட்டுக்குப் பாதுகாப்பு; நீளமாக இறக்குவதே அவருக்கு இலாபம். வெட்டத் தேவையில்லாத மரத்தையும் வெட்டச் சொல்வார். பட்டுப்போன தென்னையை விட்டுவிட்டு, நல்ல பலாவைப் பார்த்து, “ஐயா, இதுதான் ஆபத்து” என்பார்.

பலா, ஈரப்பலா ஆகிய மரங்களைத் தனியார் காணியிலேகூட அனுமதியின்றித் தறிக்கக்கூடாது என்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம். கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்துப் பிரதேச செயலாளரிடம் அனுமதி பெறவேண்டும். பஞ்சகாலத்தில் உணவு தரும் மரங்கள் என்பதனால் அவற்றுக்கு அந்தக் காப்பு. மலிவு விலைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அனுமதியின்றி வெட்டிய பலா வழியில் பிடிபட்டால், அது எவருடைய வளவிலிருந்து வந்தது என்பதை மட்டும் தவறாமற் சொல்வார்.

இவ்வளவும் சொன்னதனால், குறைந்த விலைக்கு வேலை செய்பவர் எல்லாரும் கயவர் என்று நான் கருதுவதாக எவரும் எண்ண வேண்டாம். தென்னையும் பனையும் ஏறிப் பழகிய கைகளில் உள்ள திறமை சாமானியமானதன்று. தம் அயலிலே நாற்பது ஆண்டுகள் மரமேறி, ஓர் ஓட்டைக்கூட உடைக்காதவர்களை நான் அறிவேன். அவர்களிடம் இல்லாதது திறமையன்று; திறமை ஒருநாள் தவறினால் தாங்குவதற்கு ஓர் ஏற்பாடு. மாதச் சம்பளக்காரனுக்கு லீவு உண்டு, ஓய்வூதியம் உண்டு. மரமேறுபவனுக்குத் தன் எலும்புகளே சேமிப்பு. அவற்றையும் பேரம்பேசிக் குறைப்பது எனக்கு உவப்பாக இல்லை. பணம் உள்ளவர்கள்தாம் பெரும்பாலும் நெடுநேரம் பேரம் பேசுகிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன்.

உண்மையிலேயே பணமில்லாதவர் என்ன செய்வது? இஃது எளிய கேள்வியன்று. முழு மரத்தையும் எடுக்க வேண்டுமா என்பதை முதலில் ஆராயலாம். கூரைமேல் நீளும் இரண்டு கிளைகளைக் குறைத்தாலே பல மரங்களின் ஆபத்துக் குறையும். எல்லையில் நிற்கும் மரமாயின் இரு வீட்டாரும் செலவைப் பகிரலாம். இடிந்த மதிலைப் பகிர்வதிலும் அது எளிது. ஓர் ஒழுங்கையில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் முறையான ஒருவரை அழைத்தால், தூக்கு வண்டியின் வாடகை நான்காகப் பிரியும். வீதியை நோக்கிச் சாய்ந்த மரத்தைப் பற்றி வத்தளை-மாபோலை நகரசபைக்கோ, உங்கள் பகுதி பிரதேச சபைக்கோ எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்குப் பதிவேடு இல்லை.

வேலைக்கு ஒருவரைப் பேசும்போது, எவ்வளவு என்று கேட்குமுன் எப்படி என்று கேட்பது நல்லது. எந்தக் கிளை முதலில், எங்கே கயிறு, எங்கே இறங்கும், மின்கம்பிக்கு என்ன ஏற்பாடு என்பவற்றுக்கு அவர் தயங்காமல் விடை சொல்வாராயின், தொழில் தெரிந்தவர். காப்புறுதி உண்டென்றால் பத்திரத்தைப் பாருங்கள். அதிலே இரண்டு காப்புகள் இருக்கவேண்டும்: வேலையாளுக்கு ஒன்று, பிறருடைய உடைமைக்கு ஒன்று. திகதி கடந்ததா என்று பாருங்கள். தோட்டப் பராமரிப்பு என்று மட்டும் எழுதியிருப்பின், உயரத்தில் ஏறி மரம் தறிப்பதும் அதில் அடங்குமா என்று காப்புறுதி நிறுவனத்திடமே தொலைபேசியில் கேட்டுவிடலாம். அவ்வழைப்புக்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு ஒரு தாளில் விலை, நாள், தறித்த மரம் யாருக்கு, அடிக்கட்டையை யார் எடுப்பது, சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றோடு ஏறப்போகிறவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். வேலை நடக்கும் நாளில் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அயல்வீட்டாருக்கும் முதல்நாளே சொல்லி வையுங்கள்.

மேல்மாகாணத்தில் தை, மாசி மாதங்களில் மழை குறைவு. மண்ணும் மரப்பட்டையும் உலர்ந்திருக்கும். வைகாசியிலே தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்கிவிடும். பலாவுக்கான அனுமதி கைக்கு வர வாரங்கள் ஆகலாம் என்பதால், கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு மார்கழியே ஏற்ற காலம்.